அக்காவிடம் கேட்ட ஒரே கேள்வி

தைப்பூசத்துக்கு மறுநாள், மலேசியாவில் பினாங்குப் பக்கம் சுங்கை பாக்காப்பில் அக்கா வீட்டில் இருந்தேன். தண்ணீர்மலை முருகன் கோவிலுக்கு நடந்த வலி இன்னும் கெண்டைக்காலில் இருந்தது. அக்காவின் பேத்தி பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்கிறாள். தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களைப் பிடித்து, சின்ன வயதில் என்ன வேலை செய்தார்கள் என்று கேட்டு வரவேண்டுமாம். வீட்டுக்குள்ளேயே இரண்டு பேர் இருக்கும்போது வெயிலில் அலைவானேன் என்று டேப்லட்டைத் தூக்கிக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். முதல் கேள்வி இதுதான்: பதினைந்து வயதுக்கு முன் கூலிக்காகவோ, குடும்பத்துக்கு வருமானம் தரும் தொழிலிலோ வேலை செய்தீர்களா? செய்தேன் என்றேன். அவ்வளவுதான், மடை திறந்ததுபோல் கேள்விகள் வந்தன. என்ன வேலை, எந்த வயதில், நாளுக்கு எத்தனை மணி நேரம், என்ன கருவி, காயம் பட்டதா, கூலி எவ்வளவு, கூலி யார் கைக்குப் போனது. உண்மையைச் சொன்னால், எனக்கு இந்தக் கேள்விகள் பிடித்திருந்தன. இடது கை ஆள்காட்டி விரலில் இருக்கும் தழும்பைக்கூடக் காட்டினேன். அவள் அதைப் படம் எடுத்துக்கொண்டாள். முடிய நாற்பது நிமிடம் ஆனது.

அடுத்து அக்கா. சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் எழுந்து வரவில்லை, அங்கிருந்தே கேளு என்றாள். பேத்தி அதே முதல் கேள்வியைக் கேட்டாள். “இல்லம்மா. நான் வேலைக்கெல்லாம் போனதில்ல. உங்க தாத்தாதான் பாவம், சின்னப் பிள்ளையிலேயே கஷ்டப்பட்டான்” என்றாள் அக்கா. பேத்தி ‘இல்லை’ என்பதைத் தொட்டாள். திரையில் ஒத்துழைப்புக்கு நன்றி என்று வந்தது. “அவ்வளவுதானா?” என்று கேட்டுவிட்டு அக்கா அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

அப்போது நானும் சிரித்தேன். அன்று இரவு பட்டர்வொர்த்துக்குத் திரும்பும் வழியில், சிம்பாங் அம்பாட் நெரிசலில் கார் நின்றிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. என் அக்கா பொய் சொல்லியிருக்கிறாள், அது பொய் என்று அவளுக்கே தெரியாது. அதைவிட மோசம், நாற்பது நிமிடம் என் கதையை அளந்த எனக்கும் அவள் சொன்னபோது தெரியவில்லை.

நான் நூறு தடவை சொன்ன கதை

என் கதை சுருக்கமானது, ஆனால் நான் அதைச் சுருக்கமாக ஒருநாளும் சொன்னதில்லை. நிபோங் திபால் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். அப்பா, அம்மா இருவரும் பால் வெட்டினார்கள். ஒன்பது வயதில் பள்ளி விடுமுறையில் அம்மாவின் நிரையில், அதாவது அவள் வெட்டும் மர வரிசையில், பால் வடியும் மங்குக் கிண்ணங்களைத் துடைக்கப் போனேன். பத்து வயதில், மரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்துச் சாக்கில் சேர்த்தேன். அதற்கு நிறுவைக்குக் காசு. 1977இல் இடைநிலைப் பள்ளியின் புகுமுக வகுப்புக்கு நிபோங் திபாலுக்குப் போனதும் சனி, ஞாயிறுகளில் ஒரு சீனர் சாமான் கடையில் அரிசி மூட்டை தள்ளினேன். நாளுக்கு ஒன்றரை வெள்ளி, அதாவது ரிங்கிட். விரல் தழும்பு அந்தக் கடையில் சார்டின் டின்களை அடுக்கியபோது வந்தது. தோட்டத்தில் வெட்டு உளியால் பட்டது என்று சிலரிடம் சொல்லியிருக்கிறேன். உளி என்றால் கேட்பவர்கள் இன்னும் கொஞ்சம் முகம் சுளிப்பார்கள்.

இந்தக் கதை எனக்கு நிறையச் செய்து கொடுத்திருக்கிறது. பள்ளி முன்னாள் மாணவர் விருந்துகளில் மைக் கொடுத்திருக்கிறார்கள். தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்த பையன்கள் சோம்பினால் எடுத்துவிட்டிருக்கிறேன். என் பிள்ளைகள் இருவருக்கும் மனப்பாடம். நான் ‘மங்கு’ என்று ஆரம்பித்தாலே மகள் கண்ணை உருட்டுவாள். அந்த ஒன்றரை வெள்ளி வீட்டிலும் எனக்கு இடம் வாங்கிக் கொடுத்தது. அதை அப்பாவிடம் நீட்டிய முதல் ஞாயிற்றுக்கிழமை இரவு எனக்கு ஒரு முட்டை முழுதாக வந்தது. அதற்கு முன் முட்டை பாதிதான். அக்காவின் தட்டில் இருந்தது நினைவில்லை. இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

அக்காவின் ஒரு நாள்

அடுத்த வாரம் திரும்பப் போனேன். பேத்தியையும் வரச் சொன்னேன். பழைய படிவத்தை மூடிவைத்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளில் கோடு போட்டு, பன்னிரண்டு வயதில் ஒரு நாள் எப்படிப் போனது என்று அக்காவிடம் கேட்டோம். “எதுக்குடா இதெல்லாம்?” என்றாள். பிறகு சொன்னாள்.

நாலரைக்கு எழுந்து அடுப்பு மூட்டுவது. வரக்கோப்பி போட்டு, இரண்டு பேருக்கும் பசியாறக் கட்டிக் கொடுப்பது. அப்பாவும் அம்மாவும் ஐந்தரைக்குப் பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, போய்விடுவார்கள். அப்புறம் என்னையும் தம்பியையும் எழுப்பிக் குளிப்பாட்டிக் கிளப்புவது. மூத்த தங்கைக்கு இரண்டு வயது, கடைசித் தங்கை கைக்குழந்தை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு நடுவில் இருந்த பொதுக் குழாயில் வரிசையில் நின்று பத்து நடை தண்ணீர். ஐந்து பிள்ளைகள், இரண்டு பெரியவர்கள் துணி. அதில் நான்கு உருப்படி ரப்பர் பால் காய்ந்து விறைத்தவை, கல்லில் அடித்தாலும் போகாது. பத்து மணி சுமாருக்குக் கடைசித் தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, அம்மா பால் எடுக்கும் இடத்துக்குப் போய் அவளைப் பால் குடிக்கவைத்துத் தூக்கி வருவது. மத்தியானச் சமையல். பட்ட ரப்பர் கிளை பொறுக்குவது. சாயங்காலம் மறுபடி தண்ணீர், மறுபடி அடுப்பு.

இடையில் நான் குறுக்கிட்டேன். ஆயாக்கொட்டகை இருந்ததே, குழந்தையை அங்கே விடவில்லையா? விட்டாளாம். காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்றால் ஆயா எடுக்கமாட்டாளாம். கடைசித் தங்கைக்கு முதல் வருடம் முழுவதும் ஏதாவது ஒன்று இருந்தது. அக்கா ஆறாம் வகுப்பு படித்த 1971இல் பள்ளிக்குப் போன நாளைவிடப் போகாத நாள்தான் அதிகம் என்று அவளே சொன்னாள். இடைநிலைப் பள்ளிக்கு நுழைவுத் தேர்வெல்லாம் அப்போது கிடையாது, ஆறாம் வகுப்பு முடித்தால் போகலாம். அவள் போகவில்லை. யாரும் போகாதே என்று சொன்னதாகவும் அவளுக்கு நினைவில்லை. ஜனவரி வந்தது, மற்றவர்கள் பஸ்ஸில் ஏறினார்கள். அவ்வளவுதான்.

பேத்தி தாளைப் பார்த்துக் கூட்டினாள். குழந்தையைச் சும்மா பார்த்துக்கொண்ட நேரத்தை விட்டுவிட்டு, கை ஓயாமல் செய்ததை மட்டும் கூட்டினாலும் நாளுக்கு எட்டு மணி நேரம் வந்தது. ஞாயிறு விடுமுறை கிடையாது, ஆக வாரத்துக்கு ஐம்பத்தாறு. நான் மூட்டை தள்ளியது வாரத்துக்கு அதிகம் போனால் பதினெட்டு மணி நேரம்.

இதில் ஒரு வேடிக்கையையும் அன்றுதான் கற்றுக்கொண்டேன். நாட்டின் வருமானத்தைக் கணக்கிட உலக நாடுகள் பெரும்பாலும் பின்பற்றும் ஒரு முறை இருக்கிறது. தேசியக் கணக்கு முறை என்கிறார்கள். விறகு பொறுக்குவதும் வீட்டுக்குத் தண்ணீர் சுமப்பதும் அந்த முறைப்படி உற்பத்தி. அந்த விறகை மூட்டி, அந்தத் தண்ணீரை உலையில் வைத்துச் சோறு வடித்தால் அது உற்பத்தி இல்லை. பிள்ளை தூக்குவதும் இல்லை, துணி துவைப்பதும் இல்லை. அடுப்புவரை அக்கா தொழிலாளி, அடுப்பை மூட்டியதும் சும்மா இருப்பவள். பேத்தி இதை விளக்கியபோது அக்கா, “எவன்டா இதை எழுதினான், அவனுக்கு யாரு சோறாக்கிப் போட்டா?” என்று கேட்டாள். பேத்தி குறித்துக்கொண்டாள்.

சிறார் உழைப்பைக் கணக்கெடுப்பவர்களும் நெடுங்காலம் இந்தக் கோட்டுக்கு உள்ளேயேதான் நின்றார்கள். 2008இல் அனைத்துலகத் தொழிலாளர் புள்ளியியலாளர் மாநாட்டில்தான், வீட்டு வேலையையும் தனியாக அளந்து காட்டலாம் என்று வழிவிட்டார்கள். இப்போது வாரத்துக்கு 21 மணி நேரமோ அதற்கு மேலோ சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பிள்ளைகளைச் சேர்த்தும் ஒரு கணக்குப் போடுகிறார்கள். அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃப்பும் 2025இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2024இல் உலகம் முழுவதும் சிறார் உழைப்பில் இருந்தவர்கள் ஏறத்தாழ 138 மில்லியன் பேர். ஆண் பிள்ளைகள் 78 மில்லியன், பெண் பிள்ளைகள் 59 மில்லியன். எந்த வயதை எடுத்தாலும் பையன்கள்தான் அதிகம். அந்த 21 மணி நேரக் கணக்கையும் உள்ளே சேர்த்தால் நிலைமை புரண்டு, பெண்கள் அதிகம் ஆகிவிடுகிறார்கள். எங்கள் வீட்டுத் திண்ணையிலும் அதுதான் நடந்தது.

ஏன் அவள், ஏன் நானில்லை

மூத்தவள் என்பதால்தான் என்று நெடுங்காலம் நினைத்திருந்தேன். மூத்த பிள்ளை சுமப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதானே. அந்த நினைப்பை உடைத்தது 1978. அந்த வருடம் அக்கா கல்யாணமாகிப் போனாள். எனக்குப் பதினான்கு, தம்பிக்குப் பதினொன்று, மூத்த தங்கைக்கு ஒன்பது. வயதுப்படி அடுப்பு எனக்கு வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தம்பிக்கு. இரண்டு பையன்களையும் தாண்டி அது நேராக ஒன்பது வயதுக்காரியிடம் போய் நின்றது. வீட்டில் கூடிப் பேசி எடுத்த முடிவு எதுவும் இல்லை. அக்கா மறுவீடு வந்து போன மறுநாள் காலை நாலரைக்குத் தங்கை எழுந்தாள். நான் ஆறுக்கு எழுந்து, தயாராக இருந்த கோப்பியைக் குடித்தேன். அது யார் போட்டது என்று யோசித்த நினைவே எனக்கு இல்லை.

வெளி வேலையிலும் இதே கோடுதான். சாமான் கடை முதலாளிக்குப் பையன் வேண்டும். மூட்டை தூக்கவேண்டும், சைக்கிளில் போய்ச் சாமான் கொடுக்கவேண்டும், யாராவது திட்டினால் வாங்கிக்கொள்ளவேண்டும். பெண் பிள்ளையைக் கடைத்தெருவுக்கு அனுப்பினால் லயமே பேசும். ஆகையால் விலைக்குப் போகக்கூடிய உழைப்பு என்னிடம் இருந்தது, அதனால் நான் விலைக்குப் போனேன். பெண்ணின் உழைப்பை விற்க ஒரே ஓர் இடம் இருந்தது, அது இன்னொருவர் வீடு. எங்கள் லயத்தில் மூன்றாவது வீட்டுப் பெண்ணைப் பதினோரு வயதில் பினாங்குத் தீவுப் பக்கம் ஒரு வசதியான குடும்பத்துக்குக் குழந்தை பார்க்க அனுப்பினார்கள். சம்பளத்தை மாதாமாதம் அவள் அப்பா போய் வாங்கி வருவார். தீபாவளிக்கு வருவாள், நல்ல சட்டை போட்டிருப்பாள், அதிகம் பேசமாட்டாள். ஒரு தீபாவளிக்குப் பிறகு திரும்பிப் போகமாட்டேன் என்று, ரப்பர் பாலைக் கொண்டுவந்து சேர்க்கும் பால் ஸ்டோருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். பெரியவர்களோடு நாங்கள் பையன்களும் தேடினோம். கண்டுபிடித்துக் காட்டிக் கொடுத்தவன் நான். இதை என் மேடைப் பேச்சுகளில் சொன்னதில்லை. பிறர் வீடுகளில் வீட்டு வேலை செய்யும் பிள்ளைகள் 17.2 மில்லியன் என்று 2012ஆம் ஆண்டுக்குத் தொழிலாளர் அமைப்பு கணக்குச் சொன்னது. மூன்றில் இரண்டு பங்கு பெண் பிள்ளைகள். நான் அந்த எண்ணைப் படித்தபோது பால் ஸ்டோர் வாசனைதான் வந்தது.

அக்காவுக்கும் ஒரு வாய்ப்பு வந்தது. 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வர்த்தக மண்டலம் வந்ததிலிருந்து, மின்னணுத் தொழிற்சாலைகள் இளம்பெண்களாகப் பார்த்து வேலைக்கு எடுத்தன. பிறைப் பக்கமும் தொழிற்சாலைகள் எழுந்தன. அக்காவுக்குப் பதினேழு ஆனபோது தோழிகள் இரண்டு பேர் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறினார்கள். அவளும் கேட்டாள். கடைக்குட்டி பள்ளிக்கூடம் போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார் அப்பா. கடைக்குட்டி பள்ளிக்கூடம் போன வருடம் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். பின்னாளில் நான் அதே மாதிரித் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து, போன வருடத்துக்கு முந்தின வருடம் ஓய்வு பெற்றேன்.

யாருக்காகச் செய்தாள்

எனக்கு அடங்காமல் போனது இந்த இடத்தில்தான். வறுமை என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் வறுமை பையனையும் பெண்ணையும் வேறு வேறு பக்கம் தள்ளுகிறதே, அதற்கு யார் காரணம்? அப்பாவா? அவரைத் திட்டுவது சுலபம், நானும் திட்டியிருக்கிறேன். அம்மாவா? ஏழு மாத வயிற்றோடு காண்டாக் கம்பில் வாளிகளைத் தொங்கவிட்டுத் தோளில் போட்டுப் பால் சுமந்தவளை என்னவென்று கேட்பது?

ஓய்வு பெற்றபின் தோட்ட வரலாற்றைக் கொஞ்சம் படித்தேன். 1920களின் இறுதியில் இந்தியத் தொழிலாளர்களுக்கு அரசாங்கம் நிர்ணயித்த கூலி, போக்குவரத்து எளிதான மாவட்டங்களில் ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ரப்பர் விலை வீழ்ந்ததும் 1930இல் அதையும் 40, 32 என்று குறைத்தார்கள். ஒரு ஆள் கூலியில் ஒரு குடும்பம் பிழைக்க முடியாது என்பது கூலியைப் போட்டவர்களுக்குத் தெரியாதா என்ன? இரண்டு பேரும் பெரட்டில் நின்றால்தான் அரிசி. குடும்பம் குடும்பமாக ஆட்களைக் கொண்டுவந்ததும் அதனால்தான், ஆள் சேர்த்து வந்த கங்காணிகள் தனி ஆளைவிடக் குடும்பத்தை விரும்பியதும் அதனால்தான். பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்கவேண்டும் என்று ஆங்கிலேயர் காலத்துச் சட்டம் சொன்னது. வைத்தார்கள். ஆனால் தாய் ஐந்தரைக்குப் பெரட்டில் நிற்கும் வீட்டில், பள்ளிக்கூடத்துக்கு யார் போவார்கள், யார் வீட்டில் நிற்பார்கள் என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. என் காலத்தில் தோட்டத் தொழிலாளர் சங்கம் இருந்தது, கூலி ஒப்பந்தங்கள் இருந்தன, நிலைமை எவ்வளவோ மேல். ஆனாலும் ஐந்தரை மணிப் பெரட்டு அப்படியேதான் இருந்தது.

அதனால் நான் இப்படி ஒரு முடிவுக்கு வந்தேன். அம்மா மரத்தடியில் நின்ற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பின்னால் அக்கா அடுப்படியில் நின்ற ஒரு மணி நேரம் இருந்தது. தோட்டம் இரண்டு பேருக்குக் கூலி கொடுத்து மூன்று பேரிடம் வேலை வாங்கியது. மங்கு துடைத்த என் பெயரும் செக்ரோல் எனும் ஆள் பதிவேட்டில் இல்லை, அக்கா பெயரும் இல்லை. ஆனால் நான் துடைத்ததைத் தோட்டத்துக் கணக்கரான கிராணி பார்த்தார், ஒட்டுப்பாலை நிறுத்தார். அக்காவை எந்தக் கிராணியும் பார்க்கவில்லை. அவள்தான் அந்தத் தோட்டத்தின் மலிவான தொழிலாளி.

பையன்கள் பக்கமும் ஒன்று சொல்லவேண்டும், இல்லையென்றால் நான் ஓரவஞ்சனை செய்தவனாவேன். என் பிளாட்டுக்குக் கீழே கார் கழுவும் இடத்தில் நம் பையன் ஒருவன் நிற்கிறான். பதினான்கு வயது இருக்கும். இந்த நாட்டில் 1966ஆம் ஆண்டுச் சிறார், இளையோர் வேலைவாய்ப்புச் சட்டத்தை 2019இல் திருத்தியபோது, இலகுவான வேலைக்குக் குறைந்தது 13 வயது என்று வைத்தார்கள். பள்ளி நேரம் போக, இத்தனை மணி நேரம்தான் என்றெல்லாம் வரம்பு உண்டு. இவன் காலை ஒன்பதுக்கே நிற்கிறான். “பள்ளிக்கூடம் போகலையாய்யா?” என்றால், “பிடிக்கல அங்கிள்” என்கிறான். நடத்துபவரிடம் கேட்டேன். ஆம்பளைப் பையன்தானே, எப்படியும் பிழைச்சுக்குவான் என்றார். இதே வயதுப் பெண் ஒருத்தி அங்கே பஞ்சைப் பிழிந்துகொண்டு நின்றால் அவர் அப்படிச் சொல்லியிருக்கமாட்டார், போகிற நான்கு பேரில் ஒருவர் சமூக நலத்துறைக்குப் போன் போட்டிருப்பார். இன்று பொதுப் பல்கலைக்கழகங்களில் பெண் பிள்ளைகள்தான் அதிகம். அக்கா பேத்தியும் அதில் ஒருத்தி. பெண்ணை வீட்டுக்குள் வை என்ற அதே பழைய பயம், அடுப்பில் கேஸ் வந்து, குழாயில் தண்ணீர் வந்து, பிள்ளைகள் இரண்டாகக் குறைந்ததும் அவளைப் புத்தகத்தின் முன்னால் உட்காரவைத்துவிட்டது என்பது என் ஊகம். பையனை வெளியே விட்ட அதே தாராளம் அவனைக் கார் கழுவும் இடத்தில் கொண்டுபோய் விட்டது. இது ஊகம்தான். பேத்தி இதை ஒப்புக்கொள்ளவில்லை, இப்போதும் வீட்டில் பாத்திரம் கழுவுவது யார் என்று எண்ணிப் பாருங்கள் தாத்தா என்றாள். எண்ணிப் பார்த்தேன். சரிதான்.

அக்கா ஒப்புக்கொள்ளவில்லை

என் கண்டுபிடிப்பை அக்காவிடம் சொல்லவேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். அவள் மகிழ்வாள் என்று நினைத்தேன். இத்தனை வருடம் கழித்து உன் உழைப்பை ஒருவன் எண்ணியிருக்கிறான், நீயும் வேலை செய்தவள்தான் என்று சொல்வது மரியாதைதானே. சொல்லி முடித்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

“அப்ப நான் தோட்டத்துக்காடா செஞ்சேன்? வெள்ளக்காரன் தோட்டத்துக்காடா அந்தப் பிள்ளையத் தூக்கிட்டு நடந்தேன்? உங்களுக்குத்தான்டா செஞ்சேன். அவ காய்ச்சல்ல கிடந்தப்ப நான் தூங்காம இருந்தது எவனோட கணக்கு?”

நான் பதில் சொல்லவில்லை. என்னிடம் பதில் இருந்தது. அவளுடைய பாசத்தைத்தான் அவர்கள் மலிவாக எடுத்துக்கொண்டார்கள், பாசம் இல்லாதவளாக இருந்தால் அந்தக் கணக்கே நடந்திருக்காது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் வாழ்க்கையில் அவளுக்கென்று வைத்திருந்த ஒன்றையும் பிடுங்கி அந்த முதலாளி கையில் கொடுத்ததுபோல் ஆகும் என்று தோன்றியது. நான் இப்போதும் என் கணக்கு சரி என்றுதான் நினைக்கிறேன். அவள் சொன்னதும் சரி. இரண்டையும் ஒரே தாளில் எழுத எனக்குத் தெரியவில்லை. பேத்தி தன் பங்குக்கு, அக்காவின் ஒரு நாளை எழுதிய அந்தத் தாளைப் பின்னிணைப்பாகச் சேர்த்தே கொடுத்திருக்கிறாள். படிவத்தில் ‘இல்லை’ அப்படியேதான் இருக்கிறது.

அப்பா இறந்தபின் ஒரு ரொட்டி டின் என்னிடம் வந்தது. பழைய சிவப்பு அடையாள அட்டை, இரண்டு ரசீது, அப்புறம் ஏழெட்டு 555 புத்தகங்கள். கடைக் கடன் எழுதும் அதே சின்னப் புத்தகம்தான். அப்பா அதில் வரவை ஒரு பக்கமும் செலவை ஒரு பக்கமும் எழுதியிருந்தார். வரவுப் பக்கத்தில் ஞாயிறு தவறாமல் என் பெயர், 3.00. புத்தகம் முழுவதும் தேடியும் அக்காவின் பெயர் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது, அது செலவுப் பக்கம்: மகள் பாவாடைத் துணி 3.20. இந்தப் பக்கத்தைப் பார்த்துப் பல இரவு எனக்குத் தூக்கம் போயிருக்கிறது. சண்டை போட்ட மாதிரி பிரிந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு வாரம் கழித்து, என்ன ஆனாலும் ஆகட்டும் என்று புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் அக்காவின் மடியில் வைத்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பச்சைப் பாவாடை” என்றாள். “நானும் அம்மாவும்தான் போய் எடுத்தோம். மூணு இருபதா? ரெண்டு எண்பதுதானே குடுத்தோம்.” கொஞ்சம் யோசித்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். “நாப்பது காசு! கள்ளுக்கடைக்குப் போயிருக்காருடா அப்பா!”